டிரினிடாட், டொபாகோ: முதன்முறை செல்வோருக்கு

பத்து நாள் விடுப்பில் கரீபியத் தீவு நாடு ஒன்றைப் பார்க்க விரும்புவதாகவும், சைவ உணவு மட்டுமே உண்ணும் பெற்றோர் உடன் வருவதாகவும் எழுதி, டிரினிடாட் டொபாகோவைத் தேர்ந்தெடுக்கலாமா, எப்போது சென்று எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வெண்மணற்கரையையும் தென்னை நிழலையும் மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு டிரினிடாட்டில் இறங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்; அவை டொபாகோவில்தான் இருக்கின்றன. டிரினிடாட்டின் செல்வம் அதன் மக்களும், அவர்களுடைய விழாக்களும், தென் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிரிந்து வந்த காடும் ஆகும். எனவே இந்நாட்டுக்குப் போகிறவர்கள் வரைபடத்தை விரிப்பதற்கு முன் நாட்காட்டியை விரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே எந்த டிரினிடாட்டைக் காண்பீர்கள் என்பது அமையும்.

முதலில் நில அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது. கரீபியத் தீவு வரிசையின் தென்கோடியில், வெனிசுவேலாவிலிருந்து மிகக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் கடலே இடையில் இருக்க, டிரினிடாட் அமைந்துள்ளது. பரப்பு சுமார் 4,800 சதுர கிலோமீட்டர். வடக்கே உள்ள பல தீவுகளைப் போல இது எரிமலை எழுப்பிய தீவன்று; கடைசிப் பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது கண்டத்திலிருந்து துண்டிக்கப்பட்ட நிலம். அதனால்தான் சின்னஞ்சிறு நாடாக இருந்தும் செந்நிறக் குரங்குகளும் ஓசிலாட் என்னும் காட்டுப்பூனையும் 400க்கும் மேற்பட்ட பறவை இனங்களும் இங்கே உள்ளன. வடகிழக்கில் உள்ள டொபாகோ சுமார் 300 சதுர கிலோமீட்டர் மட்டுமே. நடுவில் மலைத்தொடர், சுற்றிலும் பவளப் பாறை. உங்கள் பத்து நாளில் ஆறு நாளை டிரினிடாட்டுக்கும் நான்கு நாளை டொபாகோவுக்கும் ஒதுக்குங்கள். டொபாகோவை இரண்டாவதாக வைத்துக்கொண்டால், அலைந்து களைத்த பெற்றோருக்கு இளைப்பாறும் நாட்கள் கடைசியில் கிடைக்கும்.

இனி நாட்காட்டி. ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம், ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். மழைக்காலத்திலும் பெரும்பாலும் சில மணி நேரம் கொட்டிவிட்டு வானம் வெளுத்துவிடும். கடும் சூறாவளிகள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே இருப்பதால் மற்ற தீவுகளைவிட ஆபத்து குறைவு. ஆயினும் 1963இல் ஃப்ளோரா சூறாவளி டொபாகோவைச் சூறையாடியது. கார்னிவல் என்னும் தெருக் கொண்டாட்டத்தைக் காண வேண்டுமானால் ஜனவரி இறுதியிலிருந்து, கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வரையிலான நாட்கள். கடலாமை காண மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. தீபாவளிக்கு அக்டோபர் அல்லது நவம்பர். 'ஹொசே' எனப்படும் முஹர்ரம் ஊர்வலம் இஸ்லாமிய நாட்காட்டியின்படி ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே வரும். வயதான பெற்றோருடன் செல்லும் உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஏப்ரல் அல்லது மே. கார்னிவல் நாட்களில் விடுதிக் கட்டணம் பன்மடங்கு உயரும், இரவுகளில் உறக்கம் கிடைக்காது. ஏப்ரல், மே மாதங்களிலோ மழை தொடங்கியிருக்காது, ஆமைகள் கரையேறிக்கொண்டிருக்கும். மேலும் மே 30 அந்நாட்டில் 'இந்தியர் வருகை நாள்', பொது விடுமுறை.

அந்த நாளின் பின்னணியை அறியாமல் டிரினிடாட்டைப் புரிந்துகொள்ள இயலாது. 1498இல் கொலம்பஸ் தம் மூன்றாம் பயணத்தில் கண்ட இத்தீவு, 1797இல் ஆங்கிலேயர் கைப்பற்றும்வரை ஸ்பெயினின் கையில் இருந்தது. 1783இல் ஸ்பானிய அரசு வெளியிட்ட குடியேற்ற ஆணையை நம்பி பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளோடு வந்து குவிந்தார்கள். அடிமை முறை 1834இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டு, 1838இல் ஆப்பிரிக்கர்கள் முழு விடுதலை பெற்றதும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடி இந்தியாவுக்குக் கப்பல் அனுப்பினார்கள். ஃபாத்தெல் ரசாக் என்ற கப்பல் ஏறத்தாழ 225 பேருடன் 1845 மே 30 அன்று வந்து சேர்ந்தது. 1917இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்படும்வரை 1,40,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய வம்சாவளியினர் 35 விழுக்காடு, ஆப்பிரிக்க வம்சாவளியினர் 34 விழுக்காடு. கலப்பு வம்சாவளியினர் ஏறத்தாழ 23 விழுக்காடு. இரண்டு தீவுகளும் 1889இல் ஒரே குடியேற்ற நாடாக இணைக்கப்பட்டன. 1962 ஆகஸ்ட் 31 அன்று விடுதலை பெற்று, 1976இல் குடியரசு ஆயின.

வந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்பூரி பேசும் மக்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒரு சிறு பங்கினர் சென்றார்கள். அவர்களை அங்கே 'மதராசி' என்றே அழைத்தார்கள். அவர்களுடைய தமிழ்ப் பேச்சு மறைந்துவிட்டது. ஆனால் காளி கோயில்களில் வேப்பிலையும் மஞ்சள் நீரும் தப்பு என்ற பெயர் மாறாத பறையும் இன்றும் உண்டு. கறிவேப்பிலையை 'காரப்புலே' என்று சொல்லும் சமையற்காரர் தாம் தமிழ்ச் சொல் ஒன்றைச் சொல்கிறோம் என்று அறிந்திருக்கமாட்டார். கேட்கும் நமக்கோ நெஞ்சு நெகிழும். சமி, ராம்சமி என முடியும் குடும்பப் பெயர்களையும் கடைப் பலகைகளில் கவனித்துப் பாருங்கள்.

இந்த வரலாற்றை ஒரே இடத்தில் காண வேண்டுமானால் மேற்குக் கரையில் வாட்டர்லூ என்னும் ஊரின் கடல் கோயிலுக்குப் போங்கள். சிவதாஸ் சாது என்ற கரும்புத் தோட்டத் தொழிலாளி 1940களின் இறுதியில் கரையோரம் ஒரு சிறு கோயில் கட்டினார். அந்த நிலம் சர்க்கரை நிறுவனத்துக்கு உரியது என்று வழக்குப் போட்டு, அவரைச் சிறையில் அடைத்துக் கோயிலையும் இடித்துவிட்டார்கள். தரையில் இடமில்லை என்றால், யாருக்கும் உரிமையில்லாத கடலில் கட்டுகிறேன் என்று அவர் முடிவு செய்தார். மிதிவண்டியில் கல்லும் சிமென்டும் சுமந்துசென்று, ஏறக்குறைய 25 ஆண்டுகள் தனியொருவராகக் கடலுக்குள் மேடு எழுப்பினார். அலை அரித்துச் சிதைந்த அதைப் பிற்பாடு, இந்தியர் வருகையின் 150ஆம் ஆண்டை ஒட்டி, அரசின் உதவியுடன் புதுப்பித்துக் கட்டினார்கள். அருகிலேயே கடலோரச் சுடுகாடு இருக்கிறது. அமைதியாக நடந்துகொள்வது முறை. அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள கராப்பிச்சைமாவில் 85 அடி உயர அனுமன் சிலையையும் பெற்றோர் பார்த்துவரலாம்.

கார்னிவலை நீங்கள் தவறவிட்டாலும் அதன் உயிரான ஸ்டீல்பேன் என்னும் எஃகுப் பீப்பாய் இசையைத் தவறவிடக்கூடாது. அடிமைகளின் வழித்தோன்றல்கள் தோல் பறை அடிப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில அரசு அடக்கியபோது, அவர்கள் மூங்கில் கழிகளை நறுக்கித் தரையில் குத்தி ஒலி எழுப்பினார்கள். அது 'தம்பு பேம்பு' எனப்பட்டது. 1930களில் மூங்கிலின் இடத்துக்கு பிஸ்கட் தகரமும் வண்ண டப்பாவும் வந்தன; பின்னர் எண்ணெய் வளம் மிக்க அத்தீவில் எளிதில் கிடைத்த 55 காலன் பீப்பாய் வந்தது. பீப்பாயின் அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கிண்ணம்போல் குழித்து, அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பகுதியை வரைந்து, நெருப்பில் பதப்படுத்தி, மீண்டும் தட்டிச் சுருதி சேர்க்கிறார்கள். கேட்கும்போது கண்ணாடி மணிகள் உருண்டோடுவதுபோல் இருக்கும். தகரம் என்று நம்ப முடியாது. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஏழைக் குடியிருப்புகளில், ரவுடிகள் என்று இகழப்பட்ட இளைஞர்கள் உருவாக்கிய கருவி இது. 1951இல் லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்கு ஒரு குழுவாகச் சென்று வாசித்தார்கள். 1992இல் இது தேசிய இசைக்கருவி ஆயிற்று. கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில், இரவு ஏழெட்டு மணிக்குமேல் 'பேன்யார்டு' எனப்படும் பயிற்சி முற்றங்களில் நூறு பேருக்குமேல் கூடி ஒரே பாட்டை மறுபடி மறுபடி வாசிப்பார்கள். அரங்கில் நடக்கும் பனோரமா போட்டியைவிட அந்த முற்றத்தில் ஓர் ஓரமாக நின்று கேட்பதே மேல் என்பேன். கார்னிவல், சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும். 2027இல் அது பிப்ரவரி 8, 9. திங்கள் விடியலுக்கு முன் சேறும் எண்ணெயும் பூசிக்கொண்டு தெருவில் ஆடும் 'ஜுவே'யில் இளையவர்கள் கலந்துகொள்ளலாம். சட்டப்படி அவ்விரு நாட்களும் பொது விடுமுறை அல்ல. ஆனால் நாட்டில் எதுவும் திறந்திருக்காது.

ஹொசே உங்கள் பயண நாட்களில் அமைந்தால் அது பெரும் பேறு. தலைநகரின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில், மூங்கிலாலும் வண்ணத்தாளாலும் செய்த தாஜியாக்கள் என்னும் கல்லறை மாதிரிகள் நள்ளிரவில் வலம் வரும். நபிகளின் பேரர்களான ஹசனுக்குப் பச்சையும் ஹுசைனுக்குச் சிவப்புமாக இரு பெரும் பிறைகளைத் தோளில் தாங்கிச் சுழன்று ஆடுவார்கள். தாசா மேளங்களின் தோலை நெருப்பில் காட்டி இறுக்கிக்கொண்டே வாசிப்பார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் வேறுபாடின்றி மேளம் பிடிப்பார்கள். 1884இல் சான் ஃபெர்னாண்டோவில் இதே ஊர்வலத்தின்மீது ஆங்கிலேய அரசு துப்பாக்கிச் சூடு நடத்திப் பலரைக் கொன்றது. ஹுசைனின் மறைவை நினைவுகூரும் இது துக்க விழா. வேடிக்கைக்கு என்று போய் மது அருந்தி ஆடாதீர்கள்.

இயற்கைக் காட்சிகளில் முதலிடம் கரோனி சதுப்பு நிலத்துக்கு. தலைநகரிலிருந்து அரை மணி நேரப் பயணம். பிற்பகல் நான்கு மணி வாக்கில் புறப்படும் படகு, அலையாத்தி மரங்களுக்கு இடையே ஊர்ந்து செல்லும்போது மரப்பாம்பும் சிற்றெறும்புத்தின்னியும் கிளையில் சுருண்டு கிடப்பதைக் காணலாம். கதிர் சாயும் நேரத்தில் திறந்த நீர்ப்பரப்பில் படகை நிறுத்திவிடுவார்கள். அப்போது தேசியப் பறவையான செவ்வரிவாள் மூக்கன்கள் பத்தும் இருபதுமாகப் பறந்துவந்து ஒரே தீவு மரங்களில் அடையும். பச்சை மரம் மெல்ல மெல்லச் சிவப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். குஞ்சாக இருக்கும்போது இவை பழுப்பு நிறம். சிறு நண்டும் இறாலும் தின்னத் தின்னத்தான் அச்சிவப்பு ஏறுகிறது. இறைச்சிக்காக இவற்றை வேட்டையாடியவர்களைத் தடுக்க 2018இல் தண்டனை கடுமையாக்கப்பட்டது. படகில் ஏறி இறங்குவது முதியவர்களுக்கு எளிதே. முழுக்கைச் சட்டையும் கொசுவிரட்டிக் களிம்பும் கட்டாயம்.

வடகிழக்குக் கோடியில் கிராண்ட் ரிவியர், கிழக்குக் கரையில் மத்துரா ஆகிய இடங்களில் தோல்முதுகு ஆமைகள் முட்டையிட வருகின்றன. உலகின் மிகப் பெரிய கடலாமை இது. எடை 300 கிலோவைத் தாண்டும். முன்பு இவற்றை இறைச்சிக்காக வெட்டிக் கொண்டிருந்த அதே கரையில், 1990 முதல் ஊர்மக்களே குழு அமைத்து இரவுக் காவல் இருந்து காப்பாற்றி வருகிறார்கள். அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இன்றிக் கரையில் இறங்கக்கூடாது. வெண்ணிற விளக்கும் கேமரா ஒளியும் கூடாது. கிராண்ட் ரிவியருக்கு மலைப்பாதையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் ஓர் இரவு அங்கேயே தங்குங்கள்.

தென்மேற்கில் லா பிரேயாவில் உள்ள தார் ஏரி ஏறக்குறைய 40 ஹெக்டேர் பரப்புள்ளது. உலகின் மிகப் பெரிய இயற்கைத் தார் இருப்பு. 1595இல் ஆங்கிலக் கடலோடி வால்டர் ராலே தம் கப்பல்களின் இடுக்குகளை இத்தாரால்தான் அடைத்தார். பார்வைக்கு யானைத்தோல் விரித்த மைதானம்போல் இருக்கும். அழகான இடமென்று சொல்லமாட்டேன், ஆனால் காலடியில் நிலம் மெல்ல இளகுவது விந்தையான அனுபவம். ஆழம் தெரியாத மென்மையான பகுதிகள் இருப்பதால் வழிகாட்டியின் அடிச்சுவட்டிலேயே நடக்க வேண்டும். தலைநகருக்கு ஒரு காலைப்பொழுது போதும்: சவானா திடலைச் சுற்றியுள்ள பழைய மாளிகைகளைப் பார்த்து, இளநீர் குடித்துவிட்டு, குயின்ஸ் பார்க் ஓவல் மைதானத்தை எட்டிப்பார்க்கலாம். மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதன்முதலாக டெஸ்டில் வென்றதும் (1971), நான்காம் இன்னிங்ஸில் 406 ரன் எடுத்து வென்றதும் (1976) அங்கேதான். லாராவும், சென்னை ரசிகர்கள் கொண்டாடிய டுவைன் பிராவோவும் அருகிலுள்ள சாண்டா குரூஸ் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள்.

பெற்றோரின் உணவைப் பற்றிக் கவலையே வேண்டாம். கரீபியத்தில் சைவர்களுக்கு இதைவிட ஏற்ற நாடு இல்லை என்றே சொல்வேன். காலையில் தெருவோரத்தில் விற்கும் 'டபுள்ஸ்' என்பது மஞ்சள் சேர்த்துப் பொரித்த 'பாரா' என்னும் இரண்டு மெல்லிய ரொட்டிகளுக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு, மேலே புளிச் சட்னியும் குச்சேலா என்னும் மாங்காய்த் துருவல் ஊறுகாயும். காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். முதல் நாள் 'ஸ்லைட்' என்று மட்டும் சொல்லுங்கள், ஏனெனில் உலகின் கடுங்கார மிளகாய்களுள் ஒன்றான மொருகா ஸ்கார்ப்பியன் விளைவது அம்மண்ணில்தான். மஞ்சள் பட்டாணிப் பருப்புப் பூரணம் வைத்த தால்பூரி ரொட்டியுடன் பூசணி, 'போடி' என்னும் காராமணிக்காய், கீரை என்று பல காய்கள் கிடைக்கும். சேப்பங்கிழங்கு இலையும் வெண்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கல்லலூ மிகச் சுவையானது. ஆனால் அதில் நண்டோ உப்பிட்ட இறைச்சியோ சேர்ப்பது வழக்கம், கேட்டபின் வாங்குங்கள்.

டொபாகோவுக்கு விமானத்தில் 25 நிமிடம். கப்பலில் மூன்று நான்கு மணி நேரம், கடல் சீற்றத்தில் குமட்டல் வரும். பிஜியன் பாயின்ட் கரையிலிருந்து கண்ணாடி அடித்தளப் படகில் பக்கூ பவளத்திட்டுக்கும், நடுக்கடலில் இடுப்பளவே ஆழமுள்ள நைலான் பூல் என்னுமிடத்துக்கும் போகலாம். பவளத்தின்மேல் காலூன்றாதீர்கள், ஏற்கெனவே மிதிபட்டு அழிந்த பகுதிகள் ஏராளம். இரண்டு நாளுக்குப் பின் கூட்டம் மிகுந்த தென்மேற்கை விட்டு வடக்கே கஸ்தாரா, சார்லட்வில் பக்கம் செல்லுங்கள். வழியில் உள்ள மெயின் ரிட்ஜ் காடு 1776இலேயே சட்டத்தால் காக்கப்பட்டது. மரம் இருந்தால்தான் மழை பெய்யும், மழை பெய்தால்தான் கரும்பு விளையும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சோம் ஜெனின்ஸ் வாதாடிப் பெற்ற காப்பு அது. மேற்கு அரைக்கோளத்தில் இதைவிடப் பழைய காப்புக்காடு இல்லை. ஃப்ளோரா சூறாவளிக்குப்பின் டொபாகோவில் அழிந்தேபோனதாக எண்ணப்பட்ட வெண்வால் ரீங்காரச்சிட்டு வகையொன்று 1970களில் இங்கே மறுபடி தென்பட்டது. கில்ப்பின் ட்ரேஸ் பாதையில் கொஞ்ச தூரமாவது நடந்துபாருங்கள். மழையில் சேறாகும், கைத்தடி கொண்டுபோங்கள்.

பயண ஏற்பாட்டில் மூன்று செய்திகளைப் புறக்கணிக்காதீர்கள். முதலாவது, இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. குறுகிய காலச் சுற்றுலாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு உடையோரிடம் டிரினிடாட் முன்விசா கேட்பதில்லை என்றாலும், விதி மாறக்கூடியது. புதுதில்லியில் உள்ள அந்நாட்டுத் தூதரகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் வழியே விமானம் மாறினால் அந்தந்த நாட்டின் இடைவழி விசா தேவைப்படும். இரண்டாவது, டிரினிடாட் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள தீவு. தடுப்பூசிச் சான்று இல்லாமல் அங்கிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசியைப் பயணத்துக்கு குறைந்தது பத்து நாள் முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். 60 வயது கடந்தவர்களுக்கு இத்தடுப்பூசியில் கூடுதல் ஆபத்து உண்டு என்பதால், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச்சென்று கேளுங்கள். மூன்றாவது, பாதுகாப்பு. 2024இல் 600க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்து, ஆண்டு இறுதியில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பெரும்பாலானவை கும்பல் மோதல்கள். பயணிகளைக் குறிவைத்தவை அல்ல. ஆனாலும் இருட்டிய பிறகு நடந்து திரியாதீர்கள், தங்கும் விடுதி ஏற்பாடு செய்யும் காரிலேயே செல்லுங்கள், பேன்யார்டுக்கும் உள்ளூர்த் துணையோடு போங்கள். இராணுவ உடைபோன்ற புள்ளியிட்ட பச்சை ஆடைகளைப் பொதுமக்கள் அணிவது அங்கே குற்றம். பெட்டியில் இருந்தால் வீட்டிலேயே எடுத்துவைத்துவிடுங்கள்.

திரும்பும் விமானம் டிரினிடாட்டின் பியார்கோ நிலையத்திலிருந்துதான் புறப்படும் என்றால், டொபாகோவிலிருந்து அதே நாளில் கிளம்ப நினைக்காதீர்கள். உள்நாட்டு விமானமும் கப்பலும் தாமதமாவது உண்டு. ஒரு நாள் முன்னதாகவே வந்து தங்கிவிட்டால், புறப்படும் காலையில் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இன்னொரு முறை டபுள்ஸ் சாப்பிடவும் நேரம் இருக்கும்.